திருகோணமலைக்கு மெட்ரோ வரையும் பிள்ளைகளுக்கு

அன்புள்ள பிள்ளைகளே,

நீங்கள் வரைந்த ‘திருகோணமலை மெட்ரோ’ வரைபடம் கைபேசி கைபேசியாகச் சுற்றி என்னிடமும் வந்து சேர்ந்தது. நிலாவெளியில் தொடங்கி உப்புவெளி, பஸ் நிலையம், ஓர்ஸ் ஹில் என்று இறங்கி டொக்யார்ட் வாசலில் முடியும் சிவப்புப் பாதை. கன்னியாவிலிருந்து அநுராதபுரச் சந்திக்கு வரும் பச்சைப் பாதை. கொட்டியாரக் குடாவின் அடியால் மூதூருக்குப் போகும் நீலப் பாதை. நிலையங்களுக்கு மூன்று மொழியிலும் பெயர் எழுதி, மாறி ஏறும் இடங்களுக்கு வட்டம் போட்டு, ஒழுங்காகச் செய்திருக்கிறீர்கள். பகிடிக்குச் செய்தது என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பகிடிக்கு வரைபவர்கள் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று ஓரத்தில் எழுதிவைக்க மாட்டார்கள்.

எனக்குள்ள வருத்தம் ஒன்றுதான். சீனக்குடாவிலிருந்து நகருக்குள் வரும் உண்மையான தண்டவாளம் உங்கள் படத்தில் எங்கேயும் இல்லை. 1927 முதல் அங்கே கிடக்கிறது. நூறு வயதை எட்டப் போகிறது. உங்களில் பாதிப் பேர் அதன் கடவையைத் தாண்டித்தான் ரியூஷனுக்குப் போகிறீர்கள். அந்தப் பாதையைப் பற்றித்தான் இந்த மடல்.

முதலில் சுரங்கக் கதையை முடித்துவிடுவோம். லண்டனில் 1863 ஜனவரியில் பாடிங்டனிலிருந்து ஃபாரிங்டன் வரை உலகின் முதல் நிலத்தடி ரயில் ஓடியது. பெரும்பாலும் தெருவைத் தோண்டி, சுவர் எழுப்பி, மேலே மூடிச் செய்த வேலை அது. உள்ளே ஓடியதும் நீராவி எஞ்சின்தான். அந்தப் புகைக்குள் சனம் விரும்பி ஏறியதென்றால், மேலே தெருவில் குதிரைவண்டி நகர இடமில்லாத நெரிசல் இருந்திருக்கிறது. கல்கத்தாவில் 1972 டிசெம்பரில் அடிக்கல் வைத்தார்கள். இந்தியாவின் முதல் மெட்ரோ வண்டி எஸ்பிளனேடிலிருந்து பவானிபூருக்குப் போனது 1984 ஒக்டோபர் 24. ஏறக்குறைய பன்னிரண்டு வருட உழைப்புக்கு அன்று கிடைத்தது 3.4 கிலோமீற்றர். சென்னையில் 2015 ஜூன் 29 அன்று கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூருக்கு ஓடிய முதல் வண்டி முழுக்கத் தூண்களின் மேலேயே ஓடியது. நிலத்தடி ஓட்டம் 2017 மே மாதத்தில்தான். அண்ணா சாலைக்குக் கீழே வேலை செய்துகொண்டிருந்த ஒப்பந்தக்காரர் இடையில் விலகிப்போக, 45 கிலோமீற்றர் கொண்ட முதல் கட்டம் முடிவதற்கு 2019 பெப்ரவரி ஆகிவிட்டது. இப்போது நடக்கும் இரண்டாம் கட்டம் ஏறக்குறைய 119 கிலோமீற்றர். மதிப்பீடு 63,246 கோடி இந்திய ரூபாய். அந்தச் செலவுக்குப் பின்னால் இருப்பது சனத்தொகை. சென்னை மாநகராட்சி எல்லைக்குள் மட்டும் 2011இல் 46 லட்சம் பேர். நம் மாவட்டத்தை வெருகலிலிருந்து புல்மோட்டை வரை கூட்டினாலும் 2012 கணக்கெடுப்பில் நாலு லட்சம் தேறவில்லை.

கொழும்புக்கே அது கைகூடவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். கோட்டையிலிருந்து மாலபே வரை 15.7 கிலோமீற்றருக்குத் தூண்மேல் ஓடும் இலகு ரயிலுக்காக 2019இல் ஜப்பானுடன் கடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2020 செப்டெம்பரில் அப்போதைய ஜனாதிபதி, செலவு கட்டாது என்று திட்டத்தையே நிறுத்தினார். அது சரியா பிழையா என்று கொழும்புக்காரர் இன்னும் வாதாடுகிறார்கள். அந்த வாதத்தில் நமக்கு வேலையில்லை.

மூதூருக்குப் போகும் உங்கள் நீலப் பாதையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. கொட்டியாரக் குடா மேலே பார்க்கத்தான் அமைதியானது. குடாவின் வாய்க்குள்ளிருந்தே ஒரு கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்கி, ஆழ்கடல் வரை ஆயிரக்கணக்கான மீற்றர் இறங்குகிறது. நிலாவெளிக்கு வெளியே திமிங்கிலம் கரைக்கு இவ்வளவு கிட்ட வருவதற்கு இந்த ஆழமும் ஒரு காரணம். மூதூர்ப் பக்கத்துக் கரையோ மகாவலி கொண்டுவந்து கொட்டிய மணலும் சேறும். இந்தப் பக்கம் சுவாமி மலையின் கடும்பாறை. ஒரு தலைப்பில் பாறை, மறு தலைப்பில் சேறு, நடுவில் பாதாளம். சுரங்கம் தோண்டுகிறவனுக்கு இதைவிட மோசமான மூன்றை ஒரே இடத்தில் காட்ட முடியாது. மூதூருக்குத் தண்ணீருக்கு மேலே ஒரு வழி உண்டு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இனி 1927க்கு வருவோம்.

இலங்கையில் முதல் ரயில் 1864இல் கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை ஓடியது. வடக்குப் பாதை 1905இல் காங்கேசன்துறையில் முழுமையானது. தலைமன்னாருக்கு 1914. கிழக்குத்தான் கடைசி: திருகோணமலை 1927, மட்டக்களப்பு 1928. மாஹோவில் வடக்குப் பாதையை விட்டுப் பிரிந்து கிழக்கே வரும் தண்டவாளம் கல்ஓயாச் சந்தியில் இரண்டாகிறது. ஒன்று பொலன்னறுவை வழியாக மட்டக்களப்புக்கு. மற்றது ஏறக்குறைய 70 கிலோமீற்றர் காடும் வயலும் கடந்து நம்மிடம் வருகிறது: அக்போபுர, கந்தளாய், முள்ளிப்பொத்தானை, தம்பலகாமம், சீனக்குடா, பிறகு நகரம்.

அறுபது வருடம் காத்திருந்த கிழக்குக்கு 1920களில் ஏன் திடீரென்று பாதை வந்தது? கந்தளாய் நெல்லும் தம்பலகாமத்து நெல்லும் அதற்கு முன்பும் விளைந்துகொண்டுதான் இருந்தன. மாறியது கடற்படையின் எரிபொருள். முதலாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் பிரித்தானியக் கடற்படை நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறியது. எண்ணெய்க் கப்பல்களுக்கு இந்து சமுத்திரத்தின் நடுவில் ஒரு சேமிப்பிடம் வேண்டியிருந்தது. சீனக்குடாக் காட்டுக்குள் எண்ணெய்த் தாங்கிகள் எழத் தொடங்கியதும் அதே 1920களில்தான். இன்றைக்கும் அங்கே 99 தாங்கிகள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 தொன் கொள்ளும். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத் தளத்தையும் தாக்கியபோது, ஒரு விமானம் தாங்கி ஒன்றின் மேலேயே விழுந்தது. உருகி நெளிந்த அந்த இரும்பைப் பள்ளிச் சுற்றுலாவில் நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ரயிலையும் தாங்கிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதையின் குணம் விளங்கும். ஒரு கோடியில் தலைநகரம், மறு கோடியில் கடற்படைத் தளம், இடையில் உள்ளதெல்லாம் கடந்துபோக வேண்டிய தூரம். அதனால்தான் 70 கிலோமீற்றருக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய நிலையங்கள். சீனக்குடாவை விட்டால் அடுத்தது நகர நிலையம். நடுவில் இருக்கும் குடியிருப்புகளுக்கு வண்டியின் சத்தம் மட்டும்தான். சென்னை மெட்ரோவின் நீலத் தடத்தில், விம்கோ நகரிலிருந்து விமான நிலையம் வரை 32 கிலோமீற்றரில் 26 நிலையங்கள் இருக்கின்றன. கட்டியவன் யாரை ஏற்றக் கட்டினான் என்பதை நிலையங்களின் இடைவெளியைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

1957 ஒக்டோபரில் கடற்படைத் தளம் இலங்கையின் கைக்கு வந்தது. கொடி மாறியது. ரயில் அட்டவணையின் மனம் மாறவில்லை. காலத்துக்குக் காலம் பகல் வண்டிகளும் கல்ஓயாவில் மாறி ஏறும் இணைப்புகளும் வந்துபோயிருக்கின்றன. ஆனால் ‘திருகோணமலை ரயில்’ என்று யாரைக் கேட்டாலும் சொல்வது இரவு மெயிலைத்தான். இரவில் கோட்டையில் ஏறிப் படுத்தால், காட்டுக்குள் எங்கேயோ ஒரு நிறுத்தத்தில் விழிப்பு வந்து, மறுபடி கண்ணயர்ந்து, விடியலில் உப்புக்காற்று. கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் கடவுச்சீட்டுக்குப் போகிறவர்களும் வெளிநாடு போகிற பிள்ளையை வழியனுப்பப் போகிறவர்களும் அந்த வண்டியில்தான். நல்ல வண்டி. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அது கொழும்புக்குப் போகிற வண்டி. ஊருக்குள் ஒருவர் வேலைக்குப் போய்வர அது உதவாது.

போர்க்காலத்தைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். எத்தனையோ தடவை நின்று, எத்தனையோ தடவை மறுபடி ஓடத் தொடங்கிய பாதை இது. மெயில் வந்ததா என்று விசாரித்துவிட்டுத்தான் நிலைமை எப்படி என்று முடிவுசெய்த காலம் ஒன்று இருந்தது. சோதனைச் சாவடிகளில் பஸ்ஸை விட்டு இறங்கி, பையைத் திறந்துகாட்டி, நடந்து, மறுபடி ஏறிய தலைமுறைக்கு ரயில் பெட்டி ஒரு பெரிய ஆறுதல். அதை இங்கே நீட்டத் தேவையில்லை.

இப்போது சென்னைக்கு மறுபடியும் போகிறேன். மெட்ரோவுக்கு அல்ல, அதற்கு 84 வருடம் முந்திய ஒன்றுக்கு. நம் பாதை திறந்து நாலே வருடத்தில், 1931இல், சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. புதிதாக ஒரு பாதையைத் தேடி அவர்கள் போகவில்லை. தெற்கே திருச்சி, தூத்துக்குடி என்று போய்க்கொண்டிருந்த தென்னிந்திய ரயில்வேயின் பழைய பெரும்பாதை அங்கே இருந்தது. மீற்றர் அகலம், நம் ஐந்தரை அடிப் பாதையைவிட ஒடுக்கமானது. அதன் பக்கத்தில் தண்டவாளம் சேர்த்தார்கள், மின்கம்பி இழுத்தார்கள், நிலையங்களை நெருக்கமாக வைத்தார்கள், வண்டிகளை அடிக்கடி விட்டார்கள். மாம்பலமும் சைதாப்பேட்டையும் பல்லாவரமும் சென்னையின் உடம்போடு ஒட்டியது அந்த ரயிலால்தான் என்று துணிந்து சொல்வேன். தியாகராய நகரில் கடை பரப்பியவனுக்கும் தாம்பரத்தில் காணி வாங்கியவனுக்கும் அது தெரியும்.

ஒரே காலத்தில் பிறந்த இரண்டு பாதைகள். ஒன்று நகரத்தின் பாதையானது; மற்றது நகரத்தைத் தொட்டு நிற்கும் பாதையாகவே இருந்துவிட்டது. நகரம் பெரிதா சிறிதா என்பது ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் கடற்கரை–தாம்பரம் பாதைக்குச் சுரங்கம் வேண்டியிருக்கவில்லை. வேண்டியிருந்தது காலையும் மாலையும் ஓடும் ஓர் அட்டவணை.

சரி, இங்கே எத்தனை வண்டி ஓட்டலாம்? இதற்கு ஒற்றைத் தண்டவாளம் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். எனக்கு இந்தப் பாதையில் மிகப் பிடித்த விஷயமும் இதுதான், ஆகவே பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிலைய அதிபர், நின்றும் நிற்காமலும் போகும் எஞ்சின் சாரதியிடம் ஒரு பெரிய வளையத்தை நீட்டுவதைப் பார்த்திருக்கிறீர்களா? அந்த வளையத்தின் அடியில் ஒரு தோல் பை. பைக்குள் ஓர் உலோகத் தகடு. டேப்லட் என்பார்கள். இரண்டு நிலையங்களுக்கு இடைப்பட்ட தண்டவாளத்துக்குள் நுழையும் உரிமை அந்தத் தகட்டில்தான் இருக்கிறது. இரு நிலையங்களிலும் உள்ள பெட்டிகள் மின்கம்பியால் ஒன்றோடொன்று பூட்டப்பட்டவை. ஒரு பக்கத்தில் ஒரு தகடு வெளியே வந்துவிட்டால், அது இரண்டில் ஒரு பெட்டிக்குள் திரும்பப் போகும்வரை மறுபக்கத்தில் இன்னொன்றை எடுக்கவே முடியாது. சீனக்குடா அதிபரும் திருகோணமலை அதிபரும் மணியடித்துப் பேசி, இருவரும் சம்மதித்தால்தான் ஒரு தகடு வெளிவரும். தகடு கையில் இல்லாத சாரதி நகரமாட்டார்.

இது வந்த கதை சோகமானது. 1874 செப்டெம்பரில் இங்கிலாந்தில் நோரிச் நகரத்துக்குப் பக்கத்தில், தோர்ப் என்ற இடத்தில், ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் மோதின. தந்தியில் நேர்ந்த ஒரு குழப்பம். 25 பேர் இறந்தார்கள். அதன்பிறகு எட்வர்ட் டயர் என்ற பொறியியலாளர் 1878இல் இந்தத் தகட்டு முறைக்குக் காப்புரிமை எடுத்தார். சென்னை மெட்ரோவில் கணினியும் சமிக்ஞையும் சேர்ந்து வண்டிக்கும் வண்டிக்கும் இடையிலான தூரத்தைக் காக்கின்றன. நெரிசல் நேரத்தில் சில நிமிடத்துக்கு ஒரு வண்டி விட அதனால் முடிகிறது. இங்கே அதே காவலை ஒரு தகடும் இரண்டு மனிதர்களும் செய்கிறார்கள். பழையது என்று சிரிக்க வேண்டாம். உயிரைக் காப்பதில் இரண்டும் ஒரே வேலைதான். வித்தியாசம் எண்ணிக்கையில்.

அந்த எண்ணிக்கையைப் போட்டுப் பார்ப்போம். சீனக்குடாவிலிருந்து நகர நிலையத்துக்குக் கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரே வண்டி. எஞ்சின் பூட்டிய வண்டியென்றால் முடிவிடத்தில் எஞ்சினைக் கழற்றி, பக்கத் தண்டவாளத்தால் சுற்றிக் கொண்டுபோய், மறு தலைப்பில் பூட்ட வேண்டும். அதற்கே நேரம் போய்விடும். இரண்டு தலைப்பிலும் சாரதி அறை உள்ள டீசல் பெட்டித் தொடர் என்றால் சாரதி இறங்கி மறுபக்கம் நடந்தால் போதும். ஆறு மணிக்குச் சீனக்குடாவில் புறப்பட்டது ஆறே காலுக்கு நகரத்தில். பத்து நிமிடம் நின்று திரும்பினால் ஆறு நாற்பதுக்குச் சீனக்குடா. ஆறே முக்காலுக்கு மறுபடி புறப்பட்டு ஏழு மணிக்கு நகரம். அதேபோல ஏழே முக்காலுக்கு இன்னொன்று. கச்சேரி திறப்பதற்கு முன்னால், ஒற்றை வண்டி, ஒற்றைத் தண்டவாளம், ஒரு தகட்டைக்கொண்டு மூன்று முறை. இடையில் தரிப்பிடம் வைத்தால் ஒவ்வொன்றுக்கும் ஓரிரு நிமிடம் கூடும். தம்பலகாமம் வரை நீட்டினால் மூன்று இரண்டாகலாம். இரவு மெயில் பிந்திவரும் நாளில் எல்லாம் குழம்பும். அதற்கும் ஒரு பதில் வைத்திருக்க வேண்டும். ஆனாலும் கணக்கு இதுதான். இதற்கு ஒரு அடி சுரங்கமும் வேண்டாம்.

கிழக்கில் இதைவிடச் சின்னதாகவும் ஓட்டியிருக்கிறார்கள். இரண்டு பஸ்களை முதுகோடு முதுகு சேர்த்து, டயரைக் கழற்றிவிட்டு இரும்புச் சில்லு பூட்டி, தண்டவாளத்தில் விட்ட ‘ரயில் பஸ்’ உங்கள் பெற்றோருக்கு நினைவிருக்கும். அழகானதென்று சொல்ல மாட்டேன். ஆட்டமும் சத்தமும் தாங்காது. ஆனால் எந்தத் தலைப்பிலும் திருப்பாமல் ஓடியது, ஆட்களை ஏற்றியது.

யாரை ஏற்றுவது என்ற கேள்விக்குப் பதில் காலையில் சீனக்குடாப் பக்கம் நின்றால் கிடைக்கும். 1980இல் அங்கே பிறீமா மாவு ஆலை தொடங்கியது. அதே பத்தாண்டில் சீமெந்துத் தொழிற்சாலையும் வந்தது. விமானப்படைத் தளம், துறைமுகத்தின் படகுத்துறைகள், எண்ணெய்த் தாங்கிகள் எல்லாம் அந்தப் பக்கம். பாடசாலைகள், கச்சேரி, வைத்தியசாலை, நீதிமன்றம், சந்தை எல்லாம் இந்தப் பக்கம். காலையில் ஒரு கூட்டம் வெளியே போகிறது, இன்னொரு கூட்டம் உள்ளே வருகிறது. மாலையில் இரண்டும் இடம் மாறுகின்றன. இரண்டு திசையிலும் ஆள் இருக்கும் பாதை போக்குவரத்துக்காரனுக்கு அபூர்வமாகக் கிடைப்பது, ஏனென்றால் வெறும் வண்டி திரும்பி ஓட வேண்டியதில்லை. சென்னைப் பாதையிலேகூடக் காலையில் நகரத்துக்குள் வரும் வண்டிதான் பிதுங்கும். நம்மிடம் அந்த அபூர்வம் இருக்கிறது. அதை ஆலை பஸ்களும் மோட்டார் சைக்கிள்களும் ஓட்டோக்களும் பங்கிட்டுக்கொள்கின்றன. அதே வீதியில் சீமெந்து லொறிகளும் மா லொறிகளும்.

திருகோணமலையைப் பற்றிப் பெரிய திட்டங்களுக்குக் குறைவில்லை. 2022 ஜனவரியில் தாங்கிகளைப் பங்கிட்டார்கள்: இந்தியன் ஒயில் கம்பனியின் இலங்கைக் கிளைக்கு 14, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இருவரும் சேர்ந்த கம்பனிக்கு 61. 2025 ஏப்ரலில் இந்தியாவும் இலங்கையும் ஐக்கிய அரபு அமீரகமும் இந்த ஊரை எரிசக்தி மையமாக்கப் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தன. எண்ணெய்க்குக் குழாய், மின்சாரத்துக்குக் கம்பி என்று எல்லாவற்றையும் பேசுகிறார்கள். முள்ளிப்பொத்தானையிலிருந்து உயர்தர வகுப்புக்கு வரும் பிள்ளை எப்படி வருவாள் என்று அந்த மேசைகளில் யாரும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. 1927இலும் கேட்கவில்லை.

நீங்கள் இதைக் கேட்கப் போனால் என்ன பதில் வரும் என்றும் சொல்லிவைக்கிறேன். பெட்டித் தொடர் பற்றாக்குறை என்பார்கள், உண்மை. பெரிய திருத்த வேலைகளுக்குக் கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டும் என்பார்கள், அதுவும் உண்மை. கடவைகளைப் பற்றிச் சொல்வதுதான் உண்மையிலேயே கடினமானது. நாளுக்குச் சில வண்டி மட்டும் ஓடும் பாதையில் மக்கள் தண்டவாளத்தை நடைபாதையாகப் பாவிக்கிறார்கள். காவலாளி இல்லாத கடவைகளில் காதில் இயர்போனோடு மோட்டார் சைக்கிளில் தாண்டுகிறீர்கள். வண்டி கூடினால் அந்தப் பழக்கம் ஆளைக் கொல்லும். முதல் தரிப்பிடத்துக்கு முன்னால் கடவைகளுக்குத் தடுப்பு வேண்டும் என்று நீங்களே கேட்க வேண்டும். அதைக் கேட்காமல் வண்டியை மட்டும் கேட்கும் மனுவில் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

யானையைப் பற்றியும் கேட்பார்கள். 2025 பெப்ரவரி 20 அன்று ஹபரணைக்குப் பக்கத்தில் மட்டக்களப்புப் பாதையில் வண்டி மோதி ஆறு யானைகள் இறந்தன. இரவு வண்டிகள் அந்தக் காட்டை மெதுவாகத்தான் கடக்க வேண்டும். கந்தளாய்க்கு மேற்கே நம் பாதையிலும் அதே கவலை உண்டு. ஆனால் நாம் கேட்பது காலை வெளிச்சத்தில், தம்பலகாமத்து வயலுக்கும் கடலுக்கும் இடையில் ஓடும் வண்டி. அந்த வேறுபாட்டை விளக்கிச் சொல்லுங்கள்.

இனி உங்கள் நீலப் பாதை. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்தது, 396 மீற்றர். 2011இல் மூதூர் வீதியின் பாலங்களும் வந்தபின் மூதூருக்கு பஸ்ஸில் சுற்றிப் போகலாம். அதற்கு முன்பு லோஞ்சை நம்பித்தான் மூதூரே இருந்தது. கடல் பொங்கினால் மூதூர் தீவாகிவிடும். பாலம் வந்ததும் படகை மறந்துவிட்டோம். ஆனால் துறைமுக மேடையிலிருந்து மூதூர் நேர்கோட்டில் எவ்வளவு பக்கம் என்று உங்கள் வரைபடமே காட்டுகிறது. கொச்சியில் 2023 ஏப்ரலில் ‘வாட்டர் மெட்ரோ’ என்று பெயரிட்டு, பற்றரியில் ஓடும் படகுகளைத் தீவுகளுக்கும் நகரத்துக்கும் இடையில் விட்டார்கள். கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தில் கட்டிய படகுகள். மெட்ரோவைப் போலவே சீட்டு, மெட்ரோவைப் போலவே நேரம், தண்ணீர் ஏறினாலும் இறங்கினாலும் படகோடு சேர்ந்து மிதக்கும் மேடை. அது உப்பங்கழி, இது திறந்த குடா. வாடைக் காலத்தில் இங்கே ஓட்ட முடியாத நாட்கள் இருக்கும். ஆனாலும் படத்தில் நீலக் கோட்டை அழிக்க வேண்டாம். தண்ணீருக்கு மேலே கொண்டுவாருங்கள், போதும்.

படகு என்றதும் குறிஞ்சாக்கேணியை நினைக்காமல் இருக்க முடியாது. 2021 நவம்பர் 23 காலை, பாலம் கட்டிக்கொண்டிருந்த இடத்தில் பதிலுக்கு ஓடிய மிதவை கவிழ்ந்து, பாடசாலைக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் இறந்தார்கள். அவர்கள் உங்களைவிடச் சின்னப் பிள்ளைகள். உயிர்காப்பு அங்கியும் ஏற்றும் ஆள் எண்ணிக்கையும் எழுதப்படாத எந்தப் படகுத் திட்டத்தையும் இந்த ஊர் ஏற்கக் கூடாது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இன்னொரு படம். நிறங்கள் அப்படியே இருக்கட்டும். முதலில் உள்ள தண்டவாளத்தை வரையுங்கள், கடவை ஒவ்வொன்றையும் குறியுங்கள். பாலையூற்று, அபயபுர போன்ற குடியிருப்புகளிலிருந்து எந்தக் கடவை நடை தூரம், எந்த இடத்தில் ஒரு மேடை போட நிலம் இருக்கிறது என்று தண்டவாளத்தின் ஓரமாகப் போய்ப் பாருங்கள். தண்டவாளத்தின் மேல் நடக்க வேண்டாம். பிறகு, பாடசாலை நாள் ஒன்றில் ஆறரை முதல் எட்டு மணி வரை இரண்டு இடத்தில் நில்லுங்கள். அநுராதபுரச் சந்தியில் ஒரு குழு, சீனக்குடாவில் ஒரு குழு. பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்களிடம் எங்கே ஏறினீர்கள், எங்கே போகிறீர்கள் என்ற இரண்டே கேள்வி. தமிழில் கேட்டால் தமிழில், சிங்களத்தில் கேட்டால் சிங்களத்தில் சொல்வார்கள். உங்கள் குழுவில் இரண்டும் பேசத் தெரிந்தவர்கள் இருப்பது நல்லது. சீசன் டிக்கெட் கிடைத்தால் ரயிலுக்கு மாறுவீர்களா என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆம் என்றுதான் சொல்வார்கள்.

அந்த எண்களோடு முதலில் நகர நிலைய அதிபரைப் பாருங்கள். டேப்லட் பெட்டியைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்; மரியாதையாகக் கேட்டால் காட்டுவார். நான் மேலே போட்ட நேரக் கணக்கில் எங்கே பிழை என்று அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மருதானையில் உள்ள தலைமைக் காரியாலயத்துக்குப் போகும் கடிதம் அதற்குப் பிறகு. பகுதி பகுதியாக நேரம் போட்டு, மெயில் பிந்தினால் என்ன செய்வது என்ற பத்தியையும் சேர்த்து அனுப்பினால்தான் அங்கே ஒருவர் முழுவதும் வாசிப்பார். அந்த அட்டவணையைப் போட்டுத் தருவதற்கு, சனிக்கிழமைகளில் பின்னேரம் எனக்கு நேரம் இருக்கிறது.

அன்புடன்,
நிலையத்துக்குப் பக்கத்து வீதியில் குடியிருக்கும் ஒருவர்